மாமா பேர் வைத்த பிள்ளை

தமாம்,
12-3-1984

அன்புள்ள மீரானுக்கு,

உனக்கும், உன் மடியில் கிடக்கும் சின்ன ராவுத்தருக்கும் என் சலாம்.

தந்தி நேற்றுத்தான் கைக்கு வந்தது. நாலே வார்த்தை. நாற்பது தடவையாவது படித்திருப்பேன். குழாய் பதிக்கிற பள்ளத்துக்குள் நின்றுகொண்டு சத்தம் போட்டு அழுதேன் என்றால் நம்புவாயா? என்னவோ ஏதோ என்று பதறிப்போய் மேலே இருந்தவர்கள் ஏணியை இறக்கிவிட்டார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம். ஊரார் பேசிய பேச்சையெல்லாம் நீ ஒருத்திதான் வாங்கிக்கொண்டாய். இனி எவர் வாயைத் திறக்கிறார்கள் பார்ப்போம்.

பெயர் விஷயம் நான் பஸ் ஏறும்போதே சொன்னதுதான். ஆண் பிள்ளை என்றால் அத்தா பேர். ஜாபர். வேறு யோசனையே வேண்டாம். அத்தா கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. முகத்தைப் பார்க்கவும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, மையத்தைத் தூக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுக்கவும் கொடுத்து வைக்கவில்லை. அந்த வீட்டில் அவர் பேர் மறுபடியும் கூப்பிடப்பட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இன்னொன்று. போன கடிதத்தின் உறைமேலும் தபாலாபீஸ் கனகலட்சுமியின் கையெழுத்துத்தான் இருந்தது. உள்ளே நாலு பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு வெளியே ஒரு விலாசம் எழுத முடியாதா? புருஷன் பேரை எழுதினால் கை அழுகிப் போகாது, மீரான்.

பிள்ளையின் பாதத்தில் என் சார்பாக ஒரு முத்தம் கொடு.

சிக்கந்தர்


பரளச்சி,
4-4-1984

மச்சானுக்கு சலாம்.

பிள்ளை தூங்கும்போது எழுதுகிறேன். விழித்துவிட்டால் கடிதம் பாதியில் நிற்கும், கோபிக்கக் கூடாது.

உங்கள் கடிதம் வருமுன்பே எல்லாம் நீங்கள் சொன்னபடி நடந்துவிட்டது. காரியாபட்டியிலிருந்து மதார் அண்ணன் ஆட்டோடு வந்து இறங்கியது. ஏழாம் நாள் முடி இறக்கி, பள்ளிவாசல் ஹஜ்ரத் பிள்ளையின் காதில் மாமாவின் பேரை மூன்று தடவை கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமாவே கிணற்றடியிலிருந்து எழுந்து வந்து நிற்பதுபோல் இருந்தது. அழாமல் என்ன செய்வது?

இனி என் வழக்கைச் சொல்கிறேன். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பேர் வைத்துவிட்டீர்கள். நான் எப்படிக் கூப்பிடுவது? புருஷன் பேரையும் மாமனார் பேரையும் வாயால் சொல்லக் கூடாது என்றுதான் என் அம்மா சொல்லி அனுப்பியது. இந்த ஆறு வருஷத்தில் நான் மாமா பேரைச் சொன்னதும் இல்லை, எழுதினதும் இல்லை. நாள் பூராவும் தூக்கி வைத்திருக்கிறவள் நான். பால் கொடுக்கிறவள் நான். பெற்ற பிள்ளையைப் பேர் சொல்லிக் கொஞ்ச முடியாதவள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இப்போதைக்கு "ராசா" என்று கூப்பிடுகிறேன். கூப்பிட்டால் காலை ஆட்டுகிறான்.

வீட்டில் கூப்பிட இரண்டாவதாக ஒரு பேர் வைத்துக்கொள்ள அனுமதி தாருங்கள். மாமா பேர் பாட்டுக்கு ஏட்டில் இருக்கட்டும்.

கை அழுகாதுதான் மச்சான். ஆனால் எழுத வராது.

மீரான் பீவி


தமாம்,
20-5-1984

அன்புள்ள மீரானுக்கு,

பரளச்சி வெயிலும் தமாம் வெயிலும் போட்டி போடுகிற மாதத்தில் உன் வழக்கு வந்து சேர்ந்தது. தீர்ப்பு இதுதான்: முடியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பேர் போதும்.

எங்கள் போர்மேன் சூடான் நாட்டுக்காரர், நல்ல மனிதர். பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்டார். சொன்னேன். என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். நபிகள் நாயகத்தின் பெரிய தந்தை மகனுக்கு இருந்த பேராம். வழி தெரியாத நாட்டுக்கு அகதியாகப் போன கூட்டத்துக்காக அந்த ஊர் ராஜாவின் முன்னால் நின்று பேசியவராம். அதனால்தான் அரபு தேசமெங்கும் வீட்டுக்கு வீடு இந்தப் பேர் என்றார். அப்புறம், "உனக்கு அர்த்தம் தெரியுமா?" என்றார். ஜாபர் என்றால் ஓடையாம், மீரான். சின்ன ஆறு. தண்ணீர் ஓடுகிற ஓடை.

குண்டாற்றில் மணலைத் தவிர வேறு எதையும் பார்க்காத ஊரில் பிறந்த அத்தாவுக்கு ஓடை என்று பேர். அவருக்குப் பேர் வைத்த தாத்தாவுக்கு அரபி ஓதத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. தெரியாமலே வைத்திருக்கிறார். அந்தப் பேர்க்காரர் என்ன செய்தார்? சுற்றிப் பத்து ஊரில் கிணறெல்லாம் உவர்த் தண்ணியாகக் கிடக்க, கரிசல் காட்டில் மூன்று இடத்தில் தோண்டி, நாலாவது இடத்தில் நல்ல தண்ணி கண்டார். வேலி போடவில்லை. பஞ்ச வருஷத்தில்கூட ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. "ஜாபர் பாய், வாளி!" என்று கிணற்றடியில் யாராவது குரல் கொடுத்தால் சோற்றில் வைத்த கையை உதறிக்கொண்டு எழுந்து போவார். "ஆறிப் போயிருமே அத்தா" என்பேன். "சோறு ஆறுனா திங்கலாம்லே. தாகத்தோட வந்தவுக திரும்பிப் போனா, யாருலே கூப்பிட்டு வார்றது?" என்பார். ஒரு நாளில் நூறு தடவை அந்தப் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் சலித்து நான் பார்த்ததில்லை.

இங்கே எங்கள் கேம்பில் மட்டும் ஐந்து ஜாபர்கள். நெட்டை ஜாபர், சமையல் ஜாபர், குறட்டை ஜாபர், கேரளத்து ஜாபர், புதிதாக வந்தவன் வெறும் ஜாபர். சாப்பாட்டு வேளையில் ஒருவனைக் கூப்பிட்டால் ஐந்து பேரும் தட்டோடு வருவார்கள். இத்தனை பேர் வாயில் சரளமாக வருகிற பேர் உன் வாயில் மட்டும் வராதா? பழகிக்கொள்.

சிக்கந்தர்


பரளச்சி,
2-8-1984

மச்சானுக்கு சலாம்.

தீர்ப்பைப் படித்தேன். மேல்முறையீடு செய்கிறேன்.

அர்த்தம் கேட்டு எனக்கும் மயிர் சிலிர்த்தது. மாமாவுக்கு அதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது. ஆனால் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அங்கே இருந்தீர்கள். எண்பத்தொன்றில் மேலத்தெரு பெரியம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தது. "மூணு வருசமா வயித்துல ஒண்ணும் இல்ல. பையனுக்கு வேற இடம் பாப்பமா? நான் ஒரு பிள்ள சொல்லுதேன்" என்று ஆரம்பித்தது. நான் அடுப்பங்கரையில் நிற்கிறேன். மாமா எழுந்து போய் பெரியம்மாவின் குடையை எடுத்து வந்து கையில் கொடுத்தார். "வெயிலா இருக்கு, விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. பஸ்ஸு வந்துரும்" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா நம் தெருவுக்கு பஸ்ஸில் வரவே இல்லை, நடந்துதான் வந்தது!

அப்புறம் என் பக்கம் திரும்பி, "கொழம்பு அடிப்பிடிக்குதும்மா" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அவரை நான் எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்? பிள்ளையை அந்தப் பேரால் அதட்டினால் மாமாவையே "ஏலே" என்று அதட்டினதுபோல் இருக்காதா? பிடிக்காமல் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அளவுக்கு மேல் பிடித்ததால்தான் சொல்ல வரவில்லை.

ஒரு சேதி கேளுங்கள். வடக்குத்தெரு காளிராஜுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. பஞ்சத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே நம் கிணற்றுத் தண்ணியால்தான் என்று சொல்லி, மாமா பேரோடு "ராஜ்" சேர்த்து வைத்துவிட்டார்கள். பரளச்சியில் மட்டும் மாமா பேரில் இப்போது நாலு பிள்ளைகள். வடக்குத்தெருப் பெண்கள் அந்தப் பேரைச் சொல்லிக் குழந்தையைக் கொஞ்சுகிறார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

மீரான் பீவி


தமாம்,
16-2-1987

அன்புள்ள மீரானுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த மல்லிப்பொடிக்கு அறையில் அடிதடி.

ஒரு குறை மனதில் இருக்கிறது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். "ஜாபர்" என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் அவன் என்னைப் பார்க்கவில்லை, கூப்பிட்டது யாரையென்று வாசலைத் திரும்பிப் பார்த்தான். நீ "ராசா" என்றால் ஓடுகிறான். கடைசி வாரம்தான் கொஞ்சம் பழகினான், அதற்குள் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதாகிவிட்டது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் என்கிறார்கள், அதற்கு அடுத்த வருஷமாகக்கூட இருக்கட்டும். அதற்குள்ளாவது அவன் பேர் எது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

சிக்கந்தர்


பரளச்சி,
18-6-1989

மச்சானுக்கு சலாம்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டு நாலாவது தடவை எழுதுகிறேன். தப்பு என்னுடையது. முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

புதன்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். மதார் அண்ணன் வந்து பேர் சொல்லிச் சேர்த்துவிடும் என்றுதான் ஏற்பாடு. காரியாபட்டியிலிருந்து வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. எனக்கு அது தெரியாது. வரிசையில் என் முறை வந்துவிட்டது.

தலைமையாசிரியர் சண்முகவேல் சார் புதியவர், சாத்தூர்ப் பக்கம். நம் வழக்கம் தெரியாது. "பையன் பேரென்னம்மா?" என்றார். ரேஷன் கார்டை நீட்டினேன். அதில் உங்கள் பேர் இருந்தது, அவன் பேரை இன்னும் சேர்க்கவில்லை. "இது அவுக அப்பா பேரு. பையன் பேரு?" என்றார். நான் நிற்கிறேன். பின்னால் பெண்கள் சிரிக்கிறார்கள். "பேரே வைக்கலையா?" என்று கேட்டுவிட்டு அவர் பிள்ளையிடம் குனிந்தார். "வீட்ல ஒன்னய எப்படிப்பா கூப்பிடுவாக?"

"ராசா" என்றான். நல்ல சத்தமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

எழுதிவிட்டார். எஸ். ராசா.

இல்லை என்று நான் தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டினால், "அப்ப என்ன பேரு?" என்று கேட்பாரே மச்சான். அந்த பயத்தில் ஆட்டவில்லை. அண்ணன் வந்து சேர்ந்தபோது மை காய்ந்துவிட்டது. இனி மாற்ற வேண்டுமென்றால் பிறப்புப் பதிவு நகல் வாங்கி, திருச்சுழி ஆபீசில் மனுப் போட்டு உத்தரவு வாங்கி வர வேண்டுமாம்.

மாமாவுக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் பேரையே இல்லாமல் ஆக்கிவிட்டேன். ஏசுவதானால் ஏசுங்கள்.

மீரான் பீவி


தமாம்,
9-7-1989

மீரானுக்கு,

படித்தேன். முழுவதையும் படித்துவிட்டுத்தான் கோபப்படுகிறேன்.

நான் உன்னிடம் நகை நட்டு கேட்டேனா, வீடு வாசல் கேட்டேனா? ஒரே ஒரு பேர். மூன்று எழுத்து. மையத்து அடக்கத்துக்கும் வராத மகன் தன் அத்தாவுக்குச் செய்ய நினைத்த ஒரே காரியம். அதுவும் ஒரு ஏட்டில் ராசாவாகிப் போய்விட்டது. காளிராஜ் வீட்டில் அத்தாவின் பேர் வாழ்கிறது. அவர் வீட்டில் இல்லை.

ஏட்டில் பேர் மாறிய பிறகு எழுது. அதுவரை எனக்கும் உனக்கு எழுத ஒன்றும் இல்லை.

சிக்கந்தர்


பரளச்சி,
14-11-1989

மச்சானுக்கு சலாம்.

நாலு மாதமாக அண்ணனுக்கு எழுதுகிறீர்கள், எனக்கு எழுதவில்லை. நானும் உங்கள் சொல்லை மீறவில்லை. பேர் மாறிய பிறகுதான் எழுதுகிறேன். எப்படி மாறியது என்பதை நிதானமாகப் படியுங்கள். பிள்ளை பத்திரமாக என் பக்கத்தில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் இருபதாம் தேதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருச்சுழி போனேன். ஆபீசில் பிறப்பு நகலை நீட்டினேன். இருந்தவர் வாங்கிப் பார்த்து மனுவை எழுதிக்கொண்டார். "உத்தரவு தபால்ல வந்துரும். ஆனா ஏட்ட மாத்தும்போது தாயாரு நேர்ல போய் வாயால சொல்லணும்மா" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது அருப்புக்கோட்டையில் பஸ் மாற வேண்டும். சந்தைக் கூட்டம். பிள்ளைக்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்க அவன் கையை விட்டேன். முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம்.

மச்சான், ஐந்தாறு பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. எதில் ஏறினான், எந்தப் பக்கம் போனான், ஒன்றும் தெரியவில்லை. "ராசா! ராசாவே!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறேன். யாரும் திரும்பவில்லை. அந்த பஸ் ஸ்டாண்டில் என்னைப்போல நாலு தாய்மார் "ராசா, இங்கிட்டு வா" என்று தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வேர்க்கடலை விற்கிற அம்மா, "இங்க எல்லாரும் ராசாதான் தாயி. பேரச் சொல்லிக் கூப்பிடு" என்றது.

மதுரை பஸ் நகர ஆரம்பித்தது. அதில்தான் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. பெற்ற வயிறு என்னவோ சொல்லிற்று. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

ஜாபர்!

ஊரே கேட்கக் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் மூன்று பேர் திரும்பினார்கள். எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். மூட்டை தூக்குகிறவர் ஒருவர், மூட்டையோடு அப்படியே திரும்பினார். மூன்றாவது ஆள் அந்த மதுரை பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர். சட்டென்று விசிலை ஊதிவிட்டார். பஸ் நின்றது. "என்னயவா கூப்பிட்டீக? என்னம்மா, எதையும் விட்டுட்டீகளா?" என்று இறங்கி வருகிறார். அவர் பேரும் அதுதானாம்! நான் பதில் சொல்வதற்குள் பின்சீட்டு ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நம் பிள்ளை. காரியாபட்டி மாமா வீட்டுக்குப் போகிற பஸ் என்று தானாக ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

கண்டக்டர் தூக்கி இறக்கிக் கொடுத்தார். "என் பேரு மட்டும் வேறயா இருந்திருந்தா இந்நேரம் ஊரத் தாண்டியிருப்பேன்" என்று சிரித்தார். எலுமிச்சம்பழக்காரர் பிள்ளையின் கையில் ஒரு பழத்தை வைத்து, "நம்ம பேருக்காரன்ல, வச்சுக்க" என்றார். பிள்ளை என்னைப் பார்த்து என்ன கேட்டான் தெரியுமா? "அம்மா, அது அத்தா மட்டும் கூப்பிடுற பேருல? ஒனக்கும் தெரியுமா?"

அவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது மாமாவை நினைத்துக்கொண்டே வந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டோமே என்று முதலில் கூசியது. அப்புறம் நீங்கள் எழுதினது நினைவுக்கு வந்தது. தவித்து வந்தவர்கள் கூப்பிட்டபோது அவர் வராமல் இருந்ததே இல்லை. அன்றைக்குத் தவித்தது நான். கூப்பிட்டேன். மூன்று பேர் வந்தார்கள். மாமாவுக்குக் கோபம் இருக்காது மச்சான். இத்தனை வருஷம் கூப்பிடாமல் இருந்ததற்குத்தான் வருத்தம் இருந்திருக்கும்.

உத்தரவு வந்ததும் நேற்று பள்ளிக்கூடம் போனேன். சண்முகவேல் சார் ஏட்டைத் திறந்து, "இப்பவாவது சொல்லுவீகளாம்மா?" என்றார். சொன்னேன். "சத்தமாம்மா" என்றார். மறுபடியும் சொன்னேன். அவர் எழுதி முடித்த பிறகும் ஒரு தடவை சொன்னேன், அது எனக்காக.

ஜாபர் சிலேட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போய், அந்தக் காய்ந்த எலுமிச்சம்பழத்தைப் பந்தாக்கி உருட்டிக்கொண்டிருக்கிறான். எழுதிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மீரான் பீவி


தமாம்,
9-12-1989

அன்புள்ள மீரானுக்கு,

உறையைப் பார்த்ததும் என் உயிர் போய்விட்டது. கனகலட்சுமியின் கையெழுத்து இல்லை. யாரோ அறியாத கை. வீட்டில் என்ன ஆயிற்றோ என்று அவசரமாகப் பிரித்தேன். உள்ளே உன் எழுத்து. படித்து முடித்து, உறையைத் திருப்பி மறுபடியும் பார்த்தேன். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன, முதல் எழுத்து வலது இடது மாறி நிற்கிறது. பழைய உறையை வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாய். தபால்காரர் எப்படிப் படித்துக் கொண்டுவந்து சேர்த்தாரோ. அந்த உறையைத்தான் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன், உள்ளே இருந்த கடிதத்தை அல்ல.

பஸ் ஸ்டாண்டில் நீ தவித்த இடத்தை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. சமையல் ஜாபரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன், அவனும் மூக்கைச் சிந்தினான். கண்டக்டர் விசில் ஊதிய இடத்தில் ஐந்து ஜாபர்களும் கை தட்டினார்கள். அவர்களே ஊதினதுபோல் அத்தனை பெருமை.

நான் ஏசினதை மன்னித்துவிடு. அத்தாவின் பேர் அவர் வீட்டில் இல்லை என்று எழுதினேன். நீ மதித்த அளவுக்கு நான் மதித்தேனா என்று இப்போது தெரியவில்லை. அவர் பேரைக் காப்பாற்றச் சொல்லி நான் கடிதம்தான் எழுதினேன். நீ ஐந்து வருஷம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாய். வேண்டிய நேரத்தில் ஊர் கேட்கத் திறந்தாய். குடையை எடுத்துக் கொடுத்தாரே அத்தா, அவருக்கு ஆள் தெரியும்.

போர்மேன் லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தை பிறந்ததும் வருகிறேன். வந்ததும் நேராக வீட்டுக்குள் வர மாட்டேன். கிணற்றடியில் கப்பிக்குப் பக்கத்தில் நிற்பேன். நான் அவனைக் கூப்பிடப் போவதில்லை. நீ வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிடு. அத்தா போன பிறகு நம் வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பேர் எப்படிக் கேட்கிறது என்று நான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உறைமேல் நீ எழுதிய பேருக்குச் சொந்தக்காரன்,
சிக்கந்தர்